மருத்துவமனையில் மொழியும் மாந்தரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவமனைப் பணியாளர் சார்பில் நிகழ்த்திய உரை)

    

இவ்வாண்டு விழாவில், திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் தொண்டாற்றும் தமிழர்க்கும் சிறிது நேரம் ஒதுக்க வேண்டுமென்று சங்கத்தார் விரும்பினர். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வுக்கூடப் பணியாளர், கட்டில் தள்ளுவோர், தரை துடைப்போர் என எங்களுள் பல நிலையினர் உண்டு. நாவன்மை படைத்தவர் எங்களுள் ஒருவரும் இலர். இரவுப் பணி முடித்து நேரே இம்மண்டபத்திற்கு வந்தவரும் இங்கே அமர்ந்திருக்கின்றனர்; அவர்கள் சற்றே கண்ணயர்ந்தால் அவையோர் பொறுத்தருள வேண்டும்.

பலவகைப்பட்ட மாந்தர் ஓரிடத்தில் பணிபுரியுங்கால் ஒவ்வொருவரும் தம்மை அவ்விடத்திற்கு உரியவராக உணர்கின்றனரா என்பதே எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இதனைப் பெரிய பெரிய சொற்களால் கூறுவது இந்நாளைய வழக்கம். நிருவாகத்தார் சிலர் இதற்கென வகுப்புகளும் நடத்துகின்றனர். நாங்கள் வகுப்பில் கேட்டதை விடுத்து, வார்டில் கண்டதைச் சொல்ல விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டியார் இந்நகரத்து மருத்துவமனை ஒன்றிற்கு வந்தார். இதய நோய், இரு கால்களும் வீங்கியிருந்தன. ஒரு வாரம் தங்கி நலம்பெற்று வீடு திரும்பும் வேளையில், பணியிலிருந்த மலையாளச் செவிலியர் மாத்திரைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து, மிக்க அன்புடன், சொல்லை நிறுத்தி நிறுத்தி, "அம்மே, ராவிலெ ஒரு குளிக" என்றார். மூதாட்டியார் நன்றாகத் தலையசைத்தார். குளிகை என்பது மாத்திரை என அவருக்குத் தெரியும். ராவிலே என்பதும் தெரியும். அவர் ஊரில் ராவிலே என்றால் இரவிலே என்று பொருள்.

மலையாளத்திலும் 'ராவு' என்றால் இரவுதான். ஆயின் 'ராவிலெ' என்றால் காலையில் என்று பொருள். ஒரே வேர், பொருளோ பகலும் இரவும் போல நேர் எதிர். அம்மாத்திரை சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தை வடியச் செய்வது. காலையில் உட்கொண்டால் பகற்பொழுதோடு அதன் வேலை முடிந்துவிடும். இரவில் உட்கொண்ட மூதாட்டியார் தூக்கமின்றி எழுந்து எழுந்து புறக்கடைக்கு நடந்தார், நான்காம் இரவு ஈரத்தில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது.

மருந்துச் சீட்டில் 1-0-0 என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. எழுதிய மருத்துவர் பிழை செய்யவில்லை. சொன்ன செவிலியரும் பிழை செய்யவில்லை. மூதாட்டியார் தம் காதில் விழுந்தபடியே தவறாது செய்தார். அவ்வேளையில் அவ்வார்டில் தமிழறிந்த பணியாளர் இருவர் இருந்தனர். ஒருவர் கோடியிலிருந்த கட்டிலில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர் அருகில் தரை துடைத்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்டது. கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. மூதாட்டியார் முறிந்த எலும்போடு மீண்டும் வந்தபோதுதான் செய்தி வெளிப்பட்டது. ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டோம். "மருந்து விஷயத்துல நான் போயி வாய வச்சா என்ன சொல்லுவாங்களோன்னு இருந்துட்டேன், சிஸ்டர்" என்றார்.

அன்பர்களே! அவ்வார்டில் தமிழர் இல்லாமலில்லை. பணியாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பல மொழியினர், பல சமயத்தினர், பல வகுப்பினர் அதில் இருந்தனர், பட்டியல் குறைவற்றது. ஆயினும் கேட்ட ஒருவர் வாய் திறக்கத் துணியாத இடத்தில் அப்பட்டியலால் மூதாட்டியாருக்கு விளைந்த பயன் யாது?

நிற்க. இவ்விரு மொழிகளின் உறவைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். முற்றிலும் அறியாத மொழியாயின் எவரும் எச்சரிக்கையோடிருப்பர். கையால் காட்டுவர், திரும்பத் திரும்பக் கேட்பர். உடன்பிறந்த மொழிகளிலோ, புரிந்துவிட்டது என்னும் மயக்கமே பெருங்கேடு. 'பனி உண்டோ?' என்று மருத்துவர் வினவுகிறார். அவர் கேட்பது காய்ச்சலை. சித்திரை மாதத்தில் பனி ஏது என்று திகைக்கிறார் எங்கள் சங்கரன்கோவில் பெரியவர். 'சும உண்டோ?' என்றால் இருமலைக் கேட்கிறார். கிழவருக்குச் சுமையாக ஒலிக்கிறது. மூட்டை தூக்குவதுண்டா என்று கேட்பதாக எண்ணி, அந்நாளில் தூக்கியதுண்டு, இப்போதில்லை என்று விடையிறுக்கிறார். 'வேதன' என்றால் மலையாளத்தில் உடல் வலி. தமிழருக்கு வேதனை மனத்தைச் சேர்ந்தது. எனவே வேதனை உண்டா என்று கேட்டால், மகன் வந்து பார்க்கவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறார். 'நீரு' என்பது அவர்களுக்கு வீக்கம். நமக்குத் தண்ணீர் அல்லது சிறுநீர். காலில் நீர் உண்டோ என்ற கேள்விக்கு, இப்போதுதான் துடைத்தேன் என்று ஓர் அம்மையார் கூறியதை எங்கள் ஓய்வறையில் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

கன்னியாகுமரி மாவட்டத்தார்க்கு இத்தொல்லை குறைவு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 வரை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சி அரசின் பகுதியாக இருந்தன. அங்குள்ளோர் குடிநீரை வெள்ளம் என்பர். இரு மொழியும் அவர்கள் காதுக்குப் பழக்கம். தென்காசி, திருநெல்வேலி, இராசபாளையம், இராமநாதபுரம் ஆகிய இடங்களிலிருந்து வருவோரே தடுமாறுகின்றனர். அவர்கள் வருகையும் சிறிதன்று. 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், 1981-இல் நிறுவப்பெற்ற வட்டாரப் புற்றுநோய் மையம் ஆகியவற்றை நாடி நாள்தோறும் செங்கோட்டை வழியும் நாகர்கோவில் வழியும் தமிழர் வந்துகொண்டேயிருக்கின்றனர். நோயாளியின் உடனிருப்போரை மலையாளத்தார் 'கூட்டிரிப்புகார்' என்பர், நல்ல சொல். ஆயினும் கூட இருப்பவர்க்கும் மொழி தெரியாவிடில் என் செய்வது?

அப்போதுதான் எங்களைத் தேடுகின்றனர். "தமிழ் தெரிஞ்ச சிஸ்டர் எங்கே?" என்று ஒரு குரல் வரும். கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போது அழைப்பர். கட்டி புற்றுநோயே என்று குடும்பத்தாரிடம் தெரிவிக்கும்போது அழைப்பர். உயிர் பிரிந்த பின்பும் அழைப்பர். மருத்துவர் மலையாளத்தில் இரண்டு சொற்களில் முடித்ததை நாங்கள் தமிழில் சொல்லவேண்டும். அழுகையை ஏற்பது எங்கள் முகம். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் சொந்த வேலை அப்படியே கிடக்கும். தாமதத்திற்கு விளக்கமும் எங்களிடமே கேட்கப்படும். இப்பணிக்குப் பெயரில்லை, பணிப்பதிவேட்டில் இதற்கென ஒரு கட்டமும் இல்லை. ஊதியம் வேண்டுமென்று இங்கே முழங்க வரவில்லை. செய்த வேலை வேலையாகக் கருதப்பட வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள திருமுக்கூடல் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று உளது. வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலை ஒன்றினை அது விவரிக்கிறது. பதினைந்து கிடக்கைகள்; ஒரு மருத்துவர்; அறுவை செய்வார் ஒருவர். இவ்வளவோடு நில்லாமல், மருந்தும் விறகும் கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நீர் சுமப்போர், நாவிதர் வரை ஒவ்வொருவரையும் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அவரவர்க்குரிய படியையும் வரையறுக்கிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை; அந்நாளில் யார் யாரைத் தீண்டினர், யார் யார் உள்ளே வந்தனர் என்பதையெல்லாம் எண்ணினால் பெருமை பாதியாகிவிடும். நீர் சுமந்தவரும் ஆதுலர் சாலையின் அங்கமாக எழுதப்பட்டார் என்பது மட்டும் எங்கள் மனத்தைத் தொட்டது.

உடன் பணிபுரியும் மலையாள நண்பர்களைப் பற்றிக் குறை மட்டும் கூறினால் அஃது நன்றி மறத்தலாகும். தமிழ் கற்க அவர்கள் காட்டும் ஆர்வம் மெய்யானது. பெரும்பாலார் அதனைத் திரைப்படங்களிலிருந்து கற்றனர் என்பதுதான் வேடிக்கை. இளம் மருத்துவர் ஒருவர் எண்பது வயது முதியவரிடம் கதாநாயகன் வில்லனை மிரட்டும் தோரணையில் நலம் விசாரிப்பார். முதியவரும் முதலில் மிரண்டு பின் சிரித்துவிடுவார். இரவில் எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தம் ஓய்வை விட்டு எங்கள் இடத்தில் நின்றவர்கள் அவர்களே.

ஆயினும் 'பாண்டி' என்ற சொல் இன்னும் வழங்குகிறது. பாண்டியர் ஆண்ட நாட்டின் பெயர் எப்படி ஏளனச் சொல்லாயிற்றோ நாங்கள் அறியோம். பெரும்பாலும் கேலியாகவே சொல்லுவர்; நாங்களும் கேலியாகவே ஏற்றுச் சிரிப்போம். இருபது ஆண்டுகள் சிரித்த ஒருவர், பணி ஓய்வு பெறும் நாளில் எங்களிடம் மட்டும் சொன்னார்: அச்சிரிப்புக்காகத் தாம் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கொடுத்து வந்தார் என்று. வார்டில் ஐயம் எழும்போது அதனை எழுப்பாமலிருந்த நாள்களும் தமக்கு உண்டு என்றார். கேள்வி கேட்டால் மறுமொழியோடு அச்சொல்லும் வரும் என்ற கூச்சம்.

நாங்கள் பணியாற்றிய இடம் ஒன்றில், தமிழ்ச் செவிலியர் இருவர் தமக்குள் தமிழில் பேசியதைக் கண்ட மேற்பார்வையாளர், பணி நேரத்தில் அம்மொழி வேண்டாம் என்று வாய்மொழியாகக் கூறினார். எழுத்தில் ஒன்றுமில்லை. அவ்வாண்டே டில்லியிலிருந்து ஒரு செய்தி வந்தது. 2021-ஆம் ஆண்டு சூன் 5 அன்று, அங்குள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவ நிறுவனத்தில் ஒரு சுற்றறிக்கை வெளியாயிற்று. செவிலியர் பணியிடத்தில் மலையாளம் பேசுவதாகவும், நோயாளரும் உடன் பணிபுரிவோரும் அதனை அறியாமல் இடர்ப்படுவதாகவும் முறையீடு வந்துள்ளது. ஆதலால் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே பேச வேண்டும். மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் கருத்து. கேரளம் கொதித்தெழுந்தது. இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் உட்படப் பலர் கண்டித்தனர். மறுநாளே சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது.

அன்று எங்கள் ஓய்வறையில் பேச்சு இதுவே. மலையாளத் தோழியர் கண் கலங்கினர். அவர்களுடைய அக்காமாரும் தங்கைமாரும் டில்லியில் அதே வேலையில் உள்ளனர். நாங்களும் மனமார அவர்கள் பக்கமே நின்றோம். பேச்சு ஓய்ந்தபின் அவர்களுள் மூத்தவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "நம்மிடத்திலும் இது நடந்ததல்லவா?" என்று மெல்லக் கேட்டார். அவர் பிறகு மேற்பார்வையாளரிடம் என்ன பேசினார் என்பது எங்களுக்குத் தெரியாது. அன்றுமுதல் எங்களைத் தமிழ் பேசாதே என்று எவரும் சொன்னதில்லை.

டில்லிச் சுற்றறிக்கையின் காரணத்தில் ஒரு துளி உண்மையும் உண்டு என்பதை நாங்கள் மறைக்கவில்லை. நோயாளியின் தலைமாட்டில் நின்று அவர் அறியாத மொழியில் இருவர் பேசினால், தம் சாவைப் பற்றியே பேசுகின்றனர் என்று அவர் அஞ்சுவார். அது தவறு, தமிழராகிய நாங்களும் செய்யும் தவறு. கட்டிலருகே நோயாளியின் மொழி, ஓய்வறையில் அவரவர் மொழி என்று கொண்டால் வழக்கு தீர்ந்தது. அதற்கு அச்சுறுத்தல் வேண்டுவதில்லை. எங்கள் மொழியுரிமை சட்டப்படியும் வெறும் சலுகையன்று. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அரசு அலுவலரிடம் குறையீடு தரலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் உறுப்பு கூறுகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. இதனை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்?

இனி, இந்நகரின் மருத்துவ வரலாற்றில் வாயில் யாருக்கு அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். நாம் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் பேட்டையில் 1863-இல் பிறந்தவர் டாக்டர் பல்பு. ஈழவர். திருவிதாங்கூரில் மருத்துவம் பயில இடம் மறுக்கப்பட்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்று வந்தார். பட்டத்தோடு வந்தவர்க்குத் தாய்நாட்டு அரசு வேலை தர மறுத்தது. தடை அவர் பிறந்த சாதி. மைசூர் அரசு அவரை ஏற்றது. பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது, பிறர் அஞ்சி ஓடிய தெருக்களில் அவர் நின்று தொண்டாற்றினார். திருவிதாங்கூர் இழந்தது ஒரு மருத்துவரை. எத்தனை நோயாளர் அவர் கையால் பிழைத்திருப்பர் என்பதற்குக் கணக்கில்லை. 1896-இல் 13,176 பேர் கையொப்பமிட்ட ஈழவ விண்ணப்பத்தை மன்னருக்கு அளித்தார். உரிய பயன் அன்று விளையவில்லை. 1950-ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 27 அன்று, பண்டித நேரு இந்நகரின் மருத்துவக் கல்லூரியைத் திறந்து வைத்தார்.

பெண்டிர் நிலையும் இத்தகையதே. மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரியின் மகள். இங்குள்ள மகாராசா கல்லூரியில் பெண் என்பதால் அறிவியல் பிரிவு மறுக்கப்பட்டு, வரலாறு பயின்று பட்டம் பெற்றார். பின் இலண்டன் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1916-இல் தைக்காடு பெண்கள் மருத்துவமனையில் பணியேற்றார். 1938-இல் அரசின் மருத்துவத் துறைக்கே தலைவராக, சர்ஜன் ஜெனரலாக, உயர்ந்தார். இன்று அவ்வழி நடப்போருக்கு அது எளிதாகத் தோன்றும்; தைக்காட்டில் மகப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்களுள் அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

அண்மைச் செய்தியொன்றையும் சொல்லாது விடலாகாது, சொல்லவும் தயக்கமே. 2023-ஆம் ஆண்டு சூன் மாதம், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மாணவியர் எழுவர் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினர். தம் சமய நெறிப்படி எந்நிலையிலும் தலையையும் கையையும் மூட வேண்டியிருப்பதால், அறுவைக் கூடத்தில் நீண்ட கையுள்ள மேலங்கியும் தலைமூடியும் அணிய இசைவு வேண்டினர். அறுவைக்கு முன் முழங்கை வரை கையைக் கழுவியாக வேண்டும். கிருமித் தடுப்பு விதி அது. நோயாளியின் பாதுகாப்பே முதன்மை. எனினும் அறுவை வல்லுநரும் தொற்றுத் தடுப்பு வல்லுநரும் அடங்கிய குழுவைக் கொண்டு ஆராய்வோம் என்னும் பொருள்பட முதல்வர் விடையளித்தார். அக்கடிதம் எப்படியோ வெளியே சென்றது. அதன்பின் நாடெங்கும் எழுந்த கூச்சலில் கிருமியைப் பற்றிப் பேசியவர் சிலர். மதத்தைப் பற்றிப் பேசியவரே மிகப் பலர்.

எங்களுள்ளும் இரு கருத்துகள் இருந்தன, இன்றும் உள்ளன. விதி எல்லார்க்கும் ஒன்றே, அறுவைக் கூடத்தில் விலக்குக்கு இடமில்லை என்பார் ஒரு சாரார். இங்கிலாந்தில் 2010 முதல், வார்டுப் பணியில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை அணிந்து எறிந்துவிடக்கூடிய கையுறைத் துணியை ஏற்றுக்கொண்டனரே, கை கழுவுதலை விடாமலே வழி காணலாகாதா என்பார் மற்றொரு சாரார். ஒன்றில் மட்டும் அனைவரும் உடன்பட்டோம். அம்மாணவியர் விதியை மறைவில் மீறவில்லை. மேலிடத்தில் எழுதிக் கேட்டனர். நாங்கள் விரும்பும் மருத்துவமனையில் கேள்வி அவ்வாறே கேட்கப்பட வேண்டும். விடையும் அறிவுடையோரால் அவ்வாறே தரப்பட வேண்டும். கேட்டவர் பெயரைத் தெருவில் எறிந்தால், அடுத்தவர் கேட்கமாட்டார். தரை துடைத்தவர் போல இருந்துவிடுவார்.

இதுவரை பிறரைப் பற்றிக் கூறினோம். எங்களைப் பற்றியும் கூறியாக வேண்டும்.

மலையாளத்தின் பெரும் புனைகதையாளர் தகழி, 1947-இல் 'தோட்டியின் மகன்' என்னும் நாவலை எழுதினார்; பின்னர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். ஆலப்புழை நகரின் மலத்தைத் தலையிற் சுமந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. கேரளத்தின் நகரங்களைத் தூய்மை செய்யத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இந்நகரிலும் உளர். எங்கள் மருத்துவமனைகளிலும் உளர். அவர்கள் பேசுவது தமிழ்; நாங்கள் பேசுவதும் தமிழ்.

ஓராண்டு பொங்கலன்று தமிழ்ப் பணியாளர் சேர்ந்து விழாக் கொண்டாடினோம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் தண்டினோம். செவிலியர், ஆய்வுக்கூடத்தார், அலுவலகத்தார் அனைவர் பெயரும் பட்டியலில் இருந்தன. மலையாளத் தோழியரையும் அழைத்தோம். அவர்கள் சேலையுடுத்திப் பொட்டிட்டு வந்தனர். தூய்மைப் பணி செய்யும் தமிழ்ப் பெண்கள் நால்வரிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. அவர்கள் ஊதியம் குறைவு, கேட்பது முறையன்று என்று அப்போது எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். விழா முடிந்தபின் நான்கு இலைகளில் பொங்கல் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டனர். அவர்களுள் மூத்தவர் சொன்னார்: "எங்ககிட்டயும் ஒரு பத்து ரூவா கேட்டிருக்கலாமே, சிஸ்டர்."

அவர்தாம் 'ராவிலெ' என்ற சொல்லைக் கேட்டும் வாய் திறவாதிருந்தவர். எவரெவர் அவர் வாயை அடைத்தனர் என்று வெளியே தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அன்று தலை நிமிரவில்லை.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்துள்ள தொழிலாளர் திறத்திலும் நாங்கள் நன்றாக நடந்துகொண்டோம் என்று கூறுவதற்கில்லை. இவ்வரசு அவர்களை 'அதிதி தொழிலாளி' என்று அழைக்கிறது. விருந்தினர் என்பது பெயரளவில். சாரத்திலிருந்து விழுந்த வங்காள இளைஞன் கட்டிலில் கிடந்து ஏதோ சொல்லுவான், ஒருவருக்கும் புரியாது, புரியாததை எரிச்சலாக மாற்றிக்கொள்வது எங்களுக்கும் கைவந்திருக்கிறது. அவனுக்கு மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? டில்லியில் பத்தாண்டு பணியாற்றித் திரும்பிய மலையாளச் செவிலியர் ஒருவர். அங்கே கற்ற இந்தியை இங்கே அவனுக்காகச் செலவிட்டார். அவனுடைய இந்தியும் அரைகுறை, இவருடையதும் அப்படியே. ஆயினும் வலி எங்கே, எப்போது தொடங்கிற்று, ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்னும் மூன்றும் தெரிந்துவிட்டன.

இனி, சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வெறுங்கையோடு வரவில்லை.

மருந்துண்ணும் வேளையைப் படத்தால் காட்டும் அட்டை ஒன்றினை எங்களுள் சிலர் வரைந்தோம். எழுத்தறியாதோர்க்கும் விளங்க வேண்டும். தமிழும் மலையாளமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எண்ணம். காலைக்குக் கடலிலிருந்து எழும் கதிரவனையும், இரவுக்கு நிலவையும் வரைந்தோம். அழகாகவே அமைந்தது. முன் சொன்ன அம்மையாரிடம் இம்முறை முதலிலேயே காட்டினோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "கன்னியாகுமரிக்காரங்க பாத்தா சூரியன் எந்திரிக்கானா, விழுகானான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அங்கே கதிரவன் கடலிலேயே உதித்துக் கடலிலேயே மறைவதை நாங்கள் ஐவரும் மறந்துபோனோம். அவரே, "சேவலப் போடுங்க" என்றார். இப்போது அட்டையில் காலைக்குச் சேவல் நிற்கிறது.

இவ்வட்டையைச் சங்கம் அச்சிட்டுத் தர வேண்டும். மருத்துவமனைகளில் தமிழ் பேச முன்வரும் சங்க உறுப்பினர் பட்டியல் ஒன்று, ஓய்வு பெற்றோரும் இல்லத்தரசியரும் அடங்க, ஆயத்தமாக வேண்டும். சாலையிலும் கரமனையிலும் கோட்டையிலும் வாழ்வோர் காலையில் இரண்டு மணி நேரம் வந்தாலே எங்கள் சுமை பாதியாகும். நிருவாகத்தாரிடம், மொழிபெயர்ப்புப் பணியைப் பணிப்பதிவேட்டில் எழுதக் கோரும் விண்ணப்பத்தையும் எழுதி வைத்துள்ளோம். அதில் முதற் கையொப்பம் அவ்வம்மையாருடையது. அவர் இன்று பிற்பகல் பணியில் இருப்பதால் இங்கு வர இயலவில்லை.

அட்டையின் மாதிரி வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. செல்லும்போது பார்த்து, பிழை கண்டால் ஓரத்தில் குறித்துச் செல்லுங்கள். நண்பகலுக்கு என்ன படம் போடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.